எங்க வச்சீங்க?

எனக்கு முதல் கெடுதல் பண்ணினது புளோரா மேடம். பெயரை ஞாபகம் வச்சுக்கோங்க தம்பி, புளோரா. ஆஸ்பத்திரியில் மாடி ஏறினதும் வலது கைப்பக்கம் கடைசி ரூம், கவுன்சிலிங் ரூமாம். மூக்குக் கண்ணாடி, காட்டன் சேலை, என் மகன் வயசுதான் இருக்கும். சத்தமாக ஒரு வார்த்தை வராது. சத்தம் போடுகிற ஆளை நான் எத்தனையோ பார்த்துவிட்டேன். பதிலுக்கு ரெண்டு மடங்கு கத்தினால் அடங்கிவிடுவான். இப்படி மெதுவாகப் பேசுகிற ஆளை என்ன செய்ய?

கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளி உட்காருங்க. ஜன்னலோரம் எனக்கு விடுங்க. இல்லை, அந்த வரிசை வேண்டாம். இந்தப் பக்கம்தான் காற்று வரும். இந்த ரூட்டில் நான் எப்போதும் இந்தப் பக்கம்தான்.

முன்னால் பாருங்க. டிரைவருக்குப் பின்னால் மூணாவது சீட், பச்சைச் சேலை. அதுதான் என் வீட்டுக்காரி, சீனியம்மா. பக்கத்தில் இருக்கிறது என் மருமகள் மகேசு. ஒரே வீட்டிலிருந்து கிளம்பி, ஒரே ஸ்டாப்பில் நின்று, ஒரே பஸ்ஸில் ஏறியிருக்கிறோம். ஆனால் நான் யாரோ, அவர்கள் யாரோ. நாற்பத்து மூணு நாளாகிறது, சீனியம்மா என்னோடு பேசி. சோறு வைப்பாள். தட்டை என் பக்கம் தள்ளுவாள். போதுமா, இன்னும் வேணுமா, ஒரு சொல் கிடையாது. முப்பத்து மூணு வருஷம் கூட இருந்த மனுஷனைத் தட்டைத் தள்ளி நடத்துகிறாள். இதுவும் அந்தப் புளோரா மேடம் பண்ணின வேலைதான்.

அவர்கள் ஓடைப்பாலத்தில் இறங்கப் போகிறார்கள். அங்கே ஒரு வீடு கிடையாது, கடை கிடையாது. ஆடு மேய்க்கிறவன்கூட இறங்க மாட்டான். நான் இறங்கப் போவதில்லை. நத்தக்குளத்துக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன், எங்கள் சொந்த ஊர், அதற்கு அடுத்த ஸ்டாப். நான் பாட்டுக்கு ஊரைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்பிவிடுவேன். அவர்களாச்சு, அவர்கள் ஓடைப்பாலமாச்சு.

என்ன விஷயம் என்று கேட்க மாட்டீங்களா? கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

போன ஐப்பசியில் மகேசுக்கு எட்டாம் மாசம். திடீரென்று வயிற்றில் அசைவு இல்லை. கூட்டிக்கொண்டு ஓடினோம். பிள்ளை உள்ளேயே போய்விட்டது. ஆண்பிள்ளை. சரி, என்ன செய்ய, நடக்கிறதுதான். எந்த வீட்டில் நடக்கவில்லை? அந்தக் காலமாக இருந்தால் பெற்றவள் கண்ணில் காட்டாமல் கொண்டுபோய்விடுவார்கள். பத்தாம் நாள் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். இப்போது அப்படி இல்லை. துணியில் சுற்றி, தலைக்குக் குல்லா போட்டு, மகேசு கையிலேயே கொடுத்தார்கள். போட்டோ வேறு. அந்தப் பிஞ்சுக் காலில் மை தடவிக் காகிதத்தில் ஒற்றி எடுத்தார்கள். எல்லாம் புளோரா மேடம் ஏற்பாடு.

"செத்த பிள்ளைக்கு எதுக்கும்மா போட்டோ? வீட்டுல மாட்டவா?" என்று நான் கேட்டேன்.

"மாட்டணும்னா மாட்டலாம் ஐயா. வேண்டாம்னா உள்ள வச்சுக்கலாம். இல்லாம இருக்கிறதுக்கு இருக்கிறது நல்லது" என்றது அந்தம்மா. பார்த்தீங்களா பதிலை?

அங்கேதான் சீனியம்மா கெட்டுப்போனாள். மகேசு பிள்ளையை வைத்துக்கொண்டிருந்ததையே பார்த்துக்கொண்டு நின்றாள். நின்றவள் நர்ஸிடம் கேட்டாள், "ஏம்மா, இப்படிக் கையில கொடுப்பீங்களா?"

"ஆமாம்மா, இப்பல்லாம் கொடுக்கிறோம்."

அவ்வளவுதான். தரையில் உட்கார்ந்துவிட்டாள். தூக்கிவிடப் போனேன், கையைத் தட்டிவிட்டாள்.

மருமகளுக்குத் துணையாக வாராவாரம் அந்த ரூமுக்குப் போனாள். ஆறு வாரத்தில் மகேசு தெளிந்துவிட்டாள். தீப்பெட்டி ஆபீஸில் சூப்பர்வைசர் வேலை, திரும்பவும் போக ஆரம்பித்துவிட்டாள். துணைக்குப் போனவள்தான் படுத்துவிட்டாள்! சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, கேட்டால் சுவரைப் பார்க்கிறாள். மருமகளுக்கு வைத்தியம் பார்க்கப் போய் மாமியாரைப் பிடித்துக்கொண்டார்கள் தம்பி. எந்த ஊரிலாவது உண்டா?

புளோரா மேடம் என் மகன் செந்தட்டியைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறது, "உங்க அம்மாவுக்கு இது இன்னைக்கு வந்ததில்லை. முப்பத்தோரு வருஷமா உள்ளயே இருந்த துக்கம்."

அவன் வந்து என்னிடம் சொல்கிறான். நான் சொன்னேன், "துக்கம் என்னடா, சர்க்கார் உத்தியோகமா? வருஷம் கூடக் கூடக் கூடிக்கிட்டே போக?"

"எனக்கு முன்னால ஒரு அக்கா இருந்தாளாப்பா?" என்று கேட்டான்.

இருபத்தொன்பது வயசுப் பயலுக்கு அப்போதுதான் தெரிகிறது. தெரியாமலே நன்றாகத்தானே வளர்ந்தான்?

ஆமாம். ஒரு பொம்பளைப்பிள்ளை. ஏழரை மாசத்தில் பிறந்தது. சீனியம்மாவுக்கு ஜன்னி கண்டு நினைவே இல்லை. பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். ஒன்றரை நாள். அவ்வளவுதான் கதை. இதில் முப்பத்தோரு வருஷத்துக்கு என்ன இருக்கிறது?

அந்த ரூமில் நடக்கிற வைத்தியத்தைக் கேளுங்க. மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது. அன்றைக்கு நடந்ததைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வேண்டும். சொன்னதையே மறுபடி சொல்ல வேண்டும். அதைச் செல்போனில் பிடித்துக் கொடுத்துவிடும் அந்தம்மா. வீட்டுக்கு வந்து தினமும் ஒருதரம் உட்கார்ந்து கேட்க வேண்டும். அழுவதற்கு வீட்டுப்பாடம்! தான் அழுததைத் தானே கேட்டுத் திரும்பவும் அழ வேண்டுமாம். "அழுது முடிஞ்சாச்சுன்னா பெறகும் எதுக்கு?" என்று மகேசிடம் கேட்டேன். "முடியலன்னுதான் மாமா அர்த்தம்" என்கிறாள்.

தினமும் மத்தியானம் ரெண்டு மணி. நான் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் படுத்திருப்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் குரல் செல்போனிலிருந்து வரும். காதைப் பொத்திக்கொண்டா படுக்க முடியும்? எனக்கு மனப்பாடமாகிவிட்டது. எங்கள் அக்கா பூரணம் அவள் மாரில் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டினது வரும். பால் வற்ற அப்படித்தான் கட்டுவார்கள், உங்கள் பக்கமும் உண்டுதானே? அந்தப் பூவை வாங்கிக்கொண்டு வந்ததே நான்தான். பூக்காரி, "என்னண்ணே, இம்புட்டுப் பூ, வீட்டுல விசேஷமா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லி வாங்கினேன். அது அந்தச் செல்போனில் வராது. பூ வாடின வாசம்தான் வரும். அதற்குப் பிறகு அவள் மல்லிகையைத் தலையில் வைத்ததில்லை. நானும் நல்ல நாள் பொல்ல நாள் வாங்கிக்கொண்டு போய்க் கொடுப்பேன். வாங்கிச் சாமி படத்துக்குப் போட்டுவிடுவாள். புருஷன் வாங்கிக் கொடுத்த பூவை மதிக்காத பொம்பளை என்று அதற்கே எனக்கு ஒரு வருத்தம் தனியாக உண்டு.

கடைசியில் ஒரு இடம் வரும். "நினைவு வந்து கண்ணைத் தொறந்து பார்த்தேன். அவரு வாசல்ல வந்து நின்னாரு. கையில ஒண்ணும் இல்ல."

கையில ஒண்ணும் இல்ல. தினமும் ரெண்டேகால் மணிக்கு இது வரும். கையில ஒண்ணும் இல்ல. ஏதோ சந்தைக்கு அனுப்பி நான் வெறுங்கையோடு வந்துவிட்ட மாதிரி. இருபது நாள் கேட்டேன் தம்பி. சோறு தின்ற வாய் கசந்துவிட்டது.

இந்த நேரத்தில்தான் புளோரா மேடம் என்னைக் கூப்பிட்டுவிட்டது. வீட்டு ஆள் ஒருநாள் வந்து உட்கார வேண்டுமாம். மாட்டேன் என்றேன். செந்தட்டி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் விட்டுவிட்டான்.

ரூமில் மூணு நாற்காலி, ஒரு ஃபேன். கண்ணைத் துடைக்கக் காகிதம், டப்பா டப்பாவாக. முதலில் அதைப் பார்த்ததுமே எனக்கு எரிச்சல்.

"உட்காருங்க ஐயா."

"நிக்கிறேன்."

"தண்ணி குடிக்கிறீங்களா?"

"தாகமில்ல."

"சரி, நின்னுக்கிட்டே கேளுங்க. அம்மா பேசுவாங்க. நீங்க பதில் சொல்லணும்னு ஒண்ணும் இல்ல."

சீனியம்மா கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள். மல்லிகைப் பூ வந்தது. நினைவு திரும்பினது வந்தது. நான் வாசலில் வந்து நின்றது வந்தது. "கையில ஒண்ணும் இல்ல" என்றாள், என் முன்னாலேயே.

எனக்குப் பொறுக்கவில்லை. "பெறகு? கையில வச்சுக்கிட்டா வருவாங்க?" என்று கத்திவிட்டேன்.

அந்தம்மா பதறவில்லை. என் பக்கம் திரும்பி, சும்மா, கடையில் நின்று கேட்கிற மாதிரிக் கேட்டது.

"அப்போ எங்க வச்சீங்க ஐயா?"

அங்கேதான் தம்பி என்னை மடக்கினது. நான் யார்? வெயில்முத்து. மிளகாய் வத்தல் கமிஷன் கடைத் தெருவில் கேட்டுப் பாருங்க, நாற்பத்தி ரெண்டு வருஷம் லோடுமேன். மூணாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். எழுத்து வராது, ஆனால் எந்த மூட்டை எந்தக் குடோனில் என்று என்னைக் கேட்டுத்தான் கணக்குப்பிள்ளை எழுதுவார். முதலாளி அண்ணாச்சி உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு சத்தம் கொடுப்பார், "வெயிலு, காலையில வந்த உளுந்தை எங்க வச்ச?" நான் எந்த வேலையில் இருந்தாலும் வாய் சொல்லிவிடும், "ரெண்டாவது குடோன், மூணாவது அட்டி, வடக்கு ஓரம் அண்ணாச்சி." யோசிக்கிற வேலையே இல்லை. ஒரு நாளைக்கு நூறு தரம் கேட்பார், நூறு தரம் சொல்வேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல என் வாய் என்னிடம் உத்தரவு கேட்காது.

அடக்கம் எங்கே பண்ணினீங்க என்று கேட்டிருந்தால் நான் மாட்டியிருக்க மாட்டேன். எங்கே புதைத்தீர்கள் என்று கேட்டாலும் மாட்டியிருக்க மாட்டேன். அதற்கெல்லாம் ஒரே பதில் முப்பத்தோரு வருஷமாகத் தயாராக வைத்திருக்கிறேன், "ஆஸ்பத்திரியிலேயே பார்த்துக்கிட்டாங்க." சீனியம்மாவுக்கு அதுதான் தெரியும். அவள் அப்பனுக்கும் அதுதான் தெரியும். ஊருக்கே அதுதான் தெரியும்.

"எங்க வச்சீங்க" என்றதும் வாய் சொல்லிவிட்டது.

"ஓடைப்பாலத்துக்கு இங்கிட்டு, உடைமரத்துக்கும் மைல்கல்லுக்கும் நடுவுல, இடுப்பளவு ஆழம்."

நான் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். அதனால் என்ன, சொன்னது சொன்னதுதானே.

சீனியம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அழுவாள், அடிக்க வருவாள் என்று பார்த்தால் ஒன்றும் இல்லை. கேட்டாள், "முள்ளு போட்டீங்களா?"

"போட்டேன்."

"என்ன முள்ளு?"

"உடைமுள்ளு. மேல கல்லு ஏத்தினேன். நாய் வராது."

தலையை ஆட்டினாள். கொடுத்த வேலையைச் சரியாகப் பார்த்தானா என்று கேட்டுக்கொள்கிற மாதிரி ஆட்டினாள். அவள் என்னோடு கடைசியாகப் பேசினது அந்த முள்ளைப் பற்றித்தான்.

எனக்கு அந்தம்மா மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. "நீ நல்லா இருப்பியாம்மா? மூடிக் கிடந்ததை நோண்டி எடுத்துட்டியே!"

"ஐயா, உங்களுக்கு அழணும் போல இருந்தா இங்க அழலாம். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"நான் எதுக்கு அழணும்? எனக்கென்ன வந்துச்சு?"

அந்தக் காகித டப்பாவைத் தட்டிவிட்டுவிட்டு வந்துவிட்டேன். படியிறங்கும்போது கண் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் பினாயில் ஊற்றிக் கழுவியிருந்தார்கள், அந்த நெடி. கண்ணைக் கரிக்கும் பாருங்க, அது.

இப்போது வீட்டில் நான் பொய்க்காரன். முப்பத்தோரு வருஷம் மறைத்தவன். "ஏம்ப்பா அம்மாகிட்ட மறைச்சீங்க?" என்று மகன் கேட்கிறான். நான் மறைத்தேனா? சொன்னதைக் கேட்டேன் தம்பி. எங்கள் அக்கா பூரணம், என்னைத் தூக்கி வளர்த்தவள், ஆஸ்பத்திரி வாசலில் என் ரெண்டு தோளையும் பிடித்துக்கொண்டு சொன்னாள், "வெயிலு, பெத்தவளுக்கு இடம் தெரியக் கூடாது. தெரிஞ்சா அவ கால் தன்னால அங்க போயிரும். போனா அடுத்தது தங்காது. பேர் வைக்காத பிள்ளை, வீட்டைப் பார்க்காத பிள்ளை, ஊர் எல்லைக்குள்ளயும் கொண்டு போயிராத. எல்லைக்கு இங்கிட்டே வச்சிரு. சத்தியம் பண்ணு." பண்ணினேன். சத்தியத்தைக் காப்பாற்றினேன். அடுத்தது தங்கிச்சா இல்லையா? செந்தட்டி இருக்கிறானா இல்லையா? அவனே நின்று என்னைக் கேட்கிறான், ஏன் மறைத்தாய் என்று. அக்காவும் செத்துப்போனாள், சாட்சிக்கு ஆள் இல்லை.

அன்றைக்கு எப்படிக் கொண்டு வந்தேன் என்று யாராவது கேட்டார்களா? கேட்டால் சொல்ல மாட்டேனா?

கார்க்காரன் வரமாட்டேன் என்றான், ஆட்டோக்காரன் வண்டி ஆகாது என்றான். என் துண்டில் சுற்றினேன். ஜவுளிக்கடைக் கட்டைப்பை ஒன்று அக்காவிடம் இருந்தது. அதில் வைத்தேன். கையில் எடுத்தாலே எனக்கு எடை தெரியும். ஒன்றே முக்கால் கிலோ. தராசு வேண்டாம். நூறு கிலோ மூட்டையைக் கழுத்தில் வாங்கி ஓடுகிற ஆளுக்கு ஒன்றே முக்கால் கிலோ என்ன, ஒன்றுமில்லை.

பஸ்ஸில் ஏறினேன். இதே ரூட்டு பஸ்தான். உட்கார இடம் கிடைத்தது. பையை மடியில் வைத்துக்கொண்டேன். கண்டக்டர் வந்தான். மூக்கில் பெரிய மறு. "யோவ், பையைக் கீழ வையி. மடியில என்ன புதையலா வச்சிருக்க? இன்னொருத்தர் உட்கார வேண்டாம்?"

"கீழ வைக்க முடியாது."

"ஏன், என்ன இருக்கு?"

"சாமான்."

"என்ன சாமான்?"

"கண்ணாடிச் சாமான்."

பஸ்ஸில் நாலு பேர் சிரித்தார்கள். அவன் விடவில்லை. "கண்ணாடிச் சாமான் வாங்குற மூஞ்சியைப் பாரு. கீழ வையி, இல்லாட்டி எந்திரிச்சு நில்லு." எழுந்து நின்றேன். பதினெட்டு கிலோமீட்டர். கம்பியைப் பிடிக்கவில்லை, ரெண்டு கையும் பையில். பக்கத்தில் ஒரு அம்மா மட்டும், "பார்த்துண்ணே, பிரேக் போடுறான், உடைஞ்சிரும்" என்றாள். நல்ல பொம்பளை. எந்த ஊரோ.

கீழே ஏன் வைக்கவில்லை என்றால், அழுக்கு தம்பி. எவனோ வெற்றிலை போட்டுத் துப்பியிருந்தான். அதற்காகத்தான் வைக்கவில்லை. வேறொன்றும் இல்லை.

அந்தக் கண்டக்டரை நான் விடவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் அவன் வருகிற பஸ் என்றால் ஏற மாட்டேன், அடுத்த பஸ்ஸுக்கு நிற்பேன். ஆறு வருஷம் முன்னால் செத்துப்போனான். விசாரித்து, அவன் வீட்டுக்குப் போனேன். மாலையெல்லாம் கொண்டு போகவில்லை. செத்துவிட்டானா என்று பார்த்துவிட்டு வரத்தான் போனேன். அவன் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான், "அப்பாவுக்கு வேண்டியவங்களா?" என்று. ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஓடைப்பாலத்தில் இறங்கினேன். பருத்திக் காட்டில் ஒருத்தன் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தான். மண்வெட்டி வாங்கினேன். இடுப்பளவு குழி பறித்தேன். கரிசல் மண், மேலே ஈரம், கீழே இறுக்கம். வைத்தேன். மூடினேன். முள்ளு வெட்டிப் போட்டேன். மண்வெட்டியைக் கழுவிக் கொடுத்தேன். அடுத்த பஸ் பிடித்து டவுனுக்குத் திரும்பி நேரே கடைக்குப் போனேன். அன்றைக்கு வத்தல் லாரி வந்து நின்றது. அறுபது மூட்டை இறக்கினேன். இறக்கிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த வாசலில் நின்றேன். கையில் ஒன்றும் இல்லாமல்! வத்தல் நெடியில் கண் சிவந்து கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு அவள் அப்பன், "குடிச்சுட்டு வந்திருக்கான் பாரு" என்றான். அவனும் போய்ச் சேர்ந்தான். அவன் கணக்கு வேறு.

அந்த இடத்துக்கு அப்புறம் நான் போனதே இல்லை. எதற்குப் போக வேண்டும்? ரோட்டை அகலப்படுத்தினபோது ஒரே ஒரு தரம் இறங்கினேன், அதுவும் வேலையாகத்தான். ஜேசிபி நின்றது, உடைமரத்தைப் பெயர்த்துக்கொண்டிருந்தான். ஓட்டுகிற பயலுக்கு டீ வாங்கிக் கொடுத்து ஒரு வார்த்தை சொன்னேன், "தம்பி, இந்த மூலையில மட்டும் கொத்திராத, கீழ கரண்டு வயர் போகுது." அவன் பயந்துபோய்ச் சுற்றிக்கொண்டு போனான். மூணு நாள் நின்றேன், அவன் மறந்து கொத்திவிடக் கூடாது பாருங்க. மற்றபடி நான் அந்தப் பக்கம் போனதில்லை.

இப்போது புளோரா மேடம் அடுத்த வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறது. அந்த இடத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டுமாம். மகேசு வந்து என்னிடம் சொன்னாள், "மாமா, நீங்க கூட வந்து காட்டினா நல்லதுன்னு மேடம் சொல்றாங்க. இல்லாட்டி நானும் அத்தையும் போய்க்கிறோம். மரமும் கல்லும்னு சொன்னீங்கல்ல, கண்டுபிடிச்சுருவோம்."

"போங்க. நான் எதுக்கு? நான்தான் கையில ஒண்ணும் இல்லாம வந்தவனாச்சே" என்றேன்.

"அத்தை அதைத் தப்பா சொல்லல மாமா."

"பெறகு சரியாச் சொன்னாளா?"

மகேசு அடுப்படிக்குப் போய்விட்டாள். நல்ல பிள்ளைதான் அது.

அந்தம்மா பிள்ளைக்குக் கடுதாசி எழுதச் சொன்னதாம். சீனியம்மாவுக்கு எழுத வராது. அதனால் பால் கொண்டு போகிறாள். காலையில் நான் பார்த்தேன். காய்ச்சி, சீனி போட்டு, ஆற்றுகிறாள். ஊதி ஊதி ஆற்றுகிறாள் தம்பி, விரலை விட்டுச் சூடு பார்த்து. முப்பத்தோரு வருஷம் ஆன பிள்ளைக்கு வாய் வெந்துவிடுமாம். நான் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். அவர்களோடு வரவில்லை, ஊருக்குப் போகிறேன். அப்படித்தான் செந்தட்டியிடமும் சொல்லிவிட்டு வந்தேன்.

வந்துவிட்டது. ஓடைப்பாலம். கண்டக்டர் விசில் அடித்துவிட்டான். இறங்குகிறார்கள் பாருங்க. திரும்பிப் பார்க்கிறாளா? மகேசு பார்க்கிறாள். இவள் பார்க்கவில்லை. பால் பாட்டிலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு இறங்குகிறாள். இறங்கட்டும். நான் ஏன் இறங்க வேண்டும்? என்னிடம் வந்து, வாங்க என்று ஒரு வார்த்தை கூப்பிட்டாளா?

என்ன, ரோட்டைக் கடக்கிறாள்? எதற்கு அந்தப் பக்கம் போகிறாள்?

அட, மைல்கல்! ரோடு போட்டபோது மைல்கல்லைப் பிடுங்கி எதிர்ப்பக்கம் நட்டுவிட்டார்கள். நான் மைல்கல் என்றுதானே சொன்னேன்? பக்கத்தில் ஏதோ ஒரு மரம் வேறு நிற்கிறது. அது வேலிக்கருவை, நேற்று முளைத்தது. அவள் கல்லைப் பார்த்துப் போகிறாள். அதோ உட்காரப் போகிறாள். அங்கே ஒன்றும் இல்லை தம்பி, அங்கே ஒன்றுமே இல்லை, வெறும் குப்பை!

ஏ சீனி! அங்க இல்ல! இந்தப் பக்கம்! காதுல விழலையே. யோவ் கண்டக்டர், நிப்பாட்டுய்யா! டிக்கெட் நத்தக்குளம்தான், இருக்கட்டும்யா, இறங்குறேன். நிப்பாட்டு!

காலை மடக்குங்க தம்பி, வழி விடுங்க. நான் இறங்கி வந்துட்டேன், எல்லாம் சரியாப் போச்சுன்னு நினைச்சுராதீங்க. இடத்தைக் காட்டுவேன். தப்பான இடத்துல பாலை ஊத்திரக் கூடாது, அதுக்குத்தான். காட்டிட்டுத் தள்ளிப் போய் நின்னுக்கிடுவேன். முகம் எப்படி இருந்துச்சு, யாரு சாயல்னு கேட்பா. வாயைத் தொறக்க மாட்டேன். அந்த முகத்தைப் பார்த்தது நான் ஒருத்தன்தான், எனக்குத் தெரியும். முதல்ல அவ என்னைக் கேட்கட்டும். "அறுபது மூட்டை இறக்கினீங்களே, அன்னைக்குச் சாப்பிட்டீங்களா?"ன்னு ஒரு வார்த்தை. முப்பத்தோரு வருஷமா ஒருத்தர் கேட்கல. அவ கேட்கணும். அது எனக்கு வர வேண்டியது தம்பி, அதை நான் விடுறதா இல்லை.

ஏ சீனி, நில்லு! ஊத்திராத!